ஆடியில் பிரிக்காத பெட்டி

"காசைப் பிறகு தாங்கோ தங்கச்சி. முதலிலை உங்கடை கமெராவைக் கொண்டு வாங்கோ, மாட்டிப் பார்ப்பம்" என்றார் கிறிஸ்ரோபர்.

தர்சினி மேசையில் இருந்த இரண்டு லென்ஸ்களையும் பார்த்தாள். ஒன்று முகங்களுக்கு. மற்றது அகலமானது, சின்ன அறைக்குள் நின்றாலும் ஆட்கள் எல்லாரையும் அடக்கிவிடும். இரண்டும் கனன். இரண்டிலும் ஒரு கீறல் இல்லை. இளவாலையில் பதினைந்து வருடம் கலியாணப் படம் எடுத்த கிறிஸ்ரோபர் அடுத்த கிழமை குடும்பத்தோடு பிரான்சுக்குப் போகிறார். மோட்டார் சைக்கிள் போய்விட்டது, குளிர்சாதனப் பெட்டி போய்விட்டது. இப்போது லென்ஸ்களின் முறை.

"கமெரா பெட்டிக்குள்ளை இருக்குது அண்ணை. இன்னும் பிரிக்கேல்லை."

"பிரிக்கிறதுதானே?"

"ஆடி மாசம்."

கிறிஸ்ரோபர் சிரித்துவிட்டார். "உங்கடை ஆடி எனக்கு விளங்குது. லென்ஸுக்கு விளங்காது. சரி, என்ன மொடல்?"

"அண்ணா கனடாவிலை வாங்கினவர். கனன் எண்டவர். டி.எஸ்.எல்.ஆர் எண்டவர்."

"உதை நம்பாதேங்கோ. அங்கை இருக்கிற ஆக்களுக்குப் பெரிசாக் கறுப்பா இருந்தால் எல்லாம் டி.எஸ்.எல்.ஆர்தான். புதுசா வாற கனனுக்கு லென்ஸ் பூட்டுற வாய் வேறை. இந்த லென்ஸ் நேரை ஏறாது. இடையிலை ஒரு வளையம் வேணும். உங்களுக்குத் தெரியாததில்லை."

தெரியும். சுன்னாகத்தில் நாகலிங்கத்தின் ஸ்ரூடியோவில் எட்டு வருடம் வேலை செய்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா?

எட்டு வருடத்தில் அவள் எடுத்த படங்கள் எத்தனையோ ஆயிரம். ஒன்றின் கீழும் அவள் பெயர் இல்லை. அல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஸ்ரூடியோவின் பெயர் பொன்னெழுத்தில் இருக்கும். வாடிக்கையாளர்கள் "நாகலிங்கத்தாரின்ரை படம்" என்பார்கள். அவர் அன்றைக்குக் கடையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்திருப்பார்.

ஆனி மாதத்தில்தான் கொடிகாமத்துக் குணலட்சுமி அவளைத் தனியாகத் தேடி வந்தார். மகள் குடும்பம் லண்டனில். வயதுக்கு வந்த பேத்தி தாரிகாவுக்கு ஆவணியில் இங்கே சாமத்தியவீடு. "பிள்ளைக்கு வெக்கம் பிள்ளை. சோடிக்கிற அறைக்குள்ளை ஆம்பிளையள் வந்தால் படமே வேண்டாமாம். நீர் தனியா வந்து எடுப்பீரோ? உம்மடை பேரிலையே செய்யும். எங்கடை ஆக்கள் வாற வருசமும் மூண்டு குடும்பம் வருகினம்."

தர்சினி ஓம் என்றாள். அன்று பின்னேரமே நாகலிங்கத்திடம் போய், ஆனி முடிய வேலையை விட்டு நிற்கிறேன் என்று சொன்னாள்.

அவளிடம் சேமிப்பு இருந்தது, அதிகமில்லை. அதற்குள் கணக்காகத் திட்டம் போட்டாள். இந்தத் தொழிலில் கமெராவின் உடலைப் பொடி என்பார்கள். புதுப் பொடி நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும், நல்ல லென்ஸ் இருபது வருடம் நிற்கும். ஆகவே பொடி பழசு. யாராவது பாவித்த கனன், உள்ளே கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர், மங்கல் வெளிச்சத்திலும் படம் புள்ளி விழாமல் எடுப்பது. மிச்சக் காசுக்கு ஒரு நல்ல லென்ஸ். சோடிக்கும் அறைக்குள் ஃப்ளாஷ் அடிக்க முடியாது. பிள்ளையின் முகம் வெளிறிப் பேய் மாதிரி இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கவேண்டும். அதற்கு லென்ஸ்தான் முக்கியம்.

இதை ரொறன்ரோவில் இருந்த அண்ணன் செந்தூரனுக்கு வட்ஸ்அப்பில் எழுதியதுதான் அவள் செய்த முதல் பிழை. ஆலோசனை கேட்டுத்தான் எழுதினாள். அவன் உடனே கோல் எடுத்தான்.

"பழசோ? என்ரை தங்கச்சி ஆரோ பாவிச்சுக் கழிச்ச கமெராவைத் தூக்கிக்கொண்டு சபையிலை நிக்கிறதோ? ஊரிலை என்ன நினைப்பினம்? நான் புதுசு வாங்கி அனுப்புறன். நீ உன்ரை காசிலை லென்ஸை வாங்கு."

"அண்ணா, அப்ப மொடல்..."

"அதெல்லாம் நான் பாக்கிறன்."

பக்கத்தில் இருந்த அம்மா கமலாவதி போனைப் பறித்துக்கொண்டார். "தம்பி, உனக்குப் புண்ணியம் கிடைக்கும்" என்று தொடங்கி அழுது முடித்தார். போனை வைத்த பிறகு மகளிடம் திரும்பினார். "குடுக்கிறவனிட்டை என்ன மொடல் எண்டு கேக்கிறதோ? கடையிலை கத்தரிக்காய் தெரிஞ்செடுக்கிற மாதிரி! அவன் குளிருக்கை நிண்டு உழைக்கிறான். வாயை மூடிக்கொண்டு வாங்கு."

பிறகு இன்னொரு தரம், அம்மா கிணற்றடியில் நின்ற நேரம், தர்சினி அண்ணனுக்குக் குரல் பதிந்து அனுப்பினாள். பதிலும் குரலாகவே வந்தது. "கனன்தான்டி. டி.எஸ்.எல்.ஆர்தான். ஆகலும் உயர்ந்தது. திறக்கேக்கை வீடியோ கோல் எடு, நானும் பாக்கவேணும். அதுவரைக்கும் சப்ரைஸ்."

கமெரா வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்து நாலு நாள். கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த மச்சாள் ஒருத்தி உடுப்புப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தாள். பளபளக்கும் நீலத் தாளில் சுற்றி, நாலு பக்கமும் ரேப் ஒட்டி, மேலே அண்ணனின் மனைவி கையால் எழுதிய வாழ்த்து. வெளியில் ஒரு எழுத்துத் தெரியவில்லை.

கமலாவதி அதை வாங்கிய கையோடு சாமியறையில் வைத்துக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டார்.

"ஆடிக்கை ஒருத்தரும் புதுசு துடங்கிறேல்லை. ஆவணி முதலாந்திகதி சந்நிதி முருகனிட்டைக் கொண்டுபோய் வைச்சு, அங்கைதான் பிரிக்கிறது."

"அம்மா, பிரிச்சுப் பாத்திட்டு மூடி வைப்பம்."

"கை வைச்சியோ தெரியும்!"

கிறிஸ்ரோபர் இன்னமும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு உங்கடை காசு வேண்டாம் எண்டில்லை தங்கச்சி. ஆனால் பிறகு என்னை ஏசக்கூடாது. நான் அப்ப பாரிஸிலை நிப்பன். மாட்டிப் பார்க்காமல் லென்ஸ் வாங்கக்கூடாது."

"நாளைக்கு வந்து சொல்லட்டோ?"

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வைச்சிருக்கிறன். மானிப்பாயிலை இருந்து ரெண்டு பேர் கேட்டவை."

மறுநாள் காலை பண்டத்தரிப்பில் ஒரு செத்தவீடு. கமலாவதி பத்து மணிக்கே போய்விட்டார். வீட்டில் தர்சினியும் அந்தப் பெட்டியும் மட்டும்.

தாள் வெட்டும் பிளேட்டை எடுத்துக்கொண்டு சாமியறைக்குள் போனாள். பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் நீளம் கிழித்தால் போதும். மொடல் எழுத்துத் தெரிந்துவிடும். பிறகு அதே நிறத் தாளை ஒட்டலாம்.

பிளேட்டின் முனை தாளைத் தொட்டது.

ஆடியில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. அம்மாவின் வாயில்தான் பயம். மூன்று வருடத்துக்கு முதல் ஆடியில் ஸ்கூட்டி வாங்கினாள். மருதனார்மடச் சந்தியில் ஒரு நாய் குறுக்கே ஓடி, விழுந்து, முழங்கை உடைந்தது. இன்றைக்கும் யார் வீட்டுக்கு வந்தாலும் கமலாவதி அந்தக் கதையைச் சொல்லாமல் தேத்தண்ணி கொடுப்பதில்லை. இந்தக் கமெராவில் பிள்ளையின் சாமத்தியவீட்டில் ஒரு சின்னப் பிழை வந்தாலும், பெட்டியில் இருக்கும் கிழிசலைக் காட்டி அம்மா சாகும் வரைக்கும் சொல்லுவார். அண்ணனும் வீடியோவில் கிழிசலைப் பார்ப்பான். "பொறுக்க ஏலாமல் போச்சோ?" என்பான்.

அண்ணன் டி.எஸ்.எல்.ஆர் என்றுதானே சொன்னான். தன் குரலாலேயே சொன்னான்.

பிளேட்டை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு இளவாலைக்குப் போனாள். கிறிஸ்ரோபர் தன் பழைய கமெராவில் இரண்டு லென்ஸையும் மாட்டிக் காட்டினார். அருமையாக வேலை செய்தன. அந்தக் கமெராவை அவர் மருமகனுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். சேமிப்பு முழுவதையும் கொடுத்துவிட்டு லென்ஸ்களை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆடி கடைசிக் கிழமை மச்சாள் கனடாவுக்குத் திரும்பினாள். சாமான் ஏதும் திருப்பிக் கொண்டுபோக இருக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஆவணி முதலாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. சாமத்தியவீடு புதன்கிழமை.

தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலில் சனம் நிறைந்திருந்தது. வாயை வெள்ளைத் துணியால் கட்டிய பூசகர் பெட்டியைத் தட்டோடு உள்ளே கொண்டுபோய் வைத்து, பூசை முடிந்து திருநீற்றோடு கொண்டுவந்து கொடுத்தார். வெளியே வேம்பின் கீழ் இருந்து அம்மா போனைப் பிடிக்க, தர்சினி தாளைப் பிரித்தாள். போன் திரையில் அண்ணன் படுக்கையில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"கெதியாப் பிரி, கெதியாப் பிரி!"

முதலில் அவள் கண்ணில் பட்டது மொடலின் முதல் எழுத்து. அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. கண்ணாடி இல்லாத புது வகை. வாய் வேறு. கூட வந்த லென்ஸ் என்று ஒன்றும் இல்லை, பொடி மட்டும்.

"எப்பிடி? ஆகலும் புதுசு. அங்கை உதை ஒருத்தனும் வைச்சிருக்கமாட்டான்" என்றான் செந்தூரன்.

"நல்லாயிருக்குது அண்ணா."

"லென்ஸை மாட்டு. முதல் படம் அம்மாவை எடு."

அவள் பையிலிருந்து லென்ஸை எடுத்தாள். மாட்டாது என்று தெரிந்துகொண்டே வைத்துப் பார்த்தாள். பொடியில் ஒரு சிவப்புப் புள்ளி, லென்ஸில் ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டையும் நேருக்கு நேர் பிடித்துத் திருப்பினாள். பூட்டு விழவில்லை. கையை எடுத்தால் லென்ஸ் நிலத்தில் விழும்.

கமலாவதி சேலைத் தலைப்பைச் சரிசெய்து, முகத்தைத் துடைத்து, படத்துக்கு ஆயத்தமாக நின்றார்.

"பற்றறியிலை சார்ஜ் இல்லை அம்மா" என்றாள் தர்சினி.

"ஓம், புதுசு அப்பிடித்தான்" என்றான் அண்ணன். "வீட்டை போய்ச் சார்ஜைப் போடு. எடுத்து அனுப்பு, என்ன?"

அன்று மத்தியானம் தொடங்கிய அலைச்சல் திங்கள் பின்னேரம் வரைக்கும் ஓயவில்லை. அந்த வளையம் ஒன்று வேண்டும், அல்லது பழைய பொடி ஒன்று இரவல் வேண்டும். கொழும்பில் மூன்று கடைக்குப் பேசினாள். இரண்டு கடையில் இல்லை, மூன்றாவது கடையில் அடுத்த கிழமை வரும் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் வளையம் வைத்திருந்த படக்காரர்களுக்கு ஒவ்வொருவராகக் கோல் எடுத்தாள். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"புதன்கிழமையோ? விசரே உமக்கு? ஆடி முழுக்கச் சும்மா இருந்திட்டு ஆவணியிலை முதல் முகூர்த்தம் அது. என்னட்டையே மூண்டு வீடு. இருக்கிற சாமான் எல்லாம் ஓடுது."

பழைய பொடி ஒன்று வாங்கக் கையில் காசு இல்லை. அது லென்ஸ்களாக அலுமாரிக்குள் இருந்தது.

திங்கள் ஆறு மணிக்கு அவள் சுன்னாகத்தில் ஸ்கூட்டியை நிறுத்தினாள்.

நாகலிங்கம் கதிரையில் இருந்தபடியே அவளைப் பார்த்தார். செய்தி அவருக்கு முன்னமே வந்துவிட்டது. வளையம் தேடி அவள் பேசியவர்களில் பாதிப் பேர் அவரிடம் தொழில் பழகியவர்கள்.

"வா பிள்ளை. கனடாக் கமெரா எப்பிடி? உள்ளூர் லென்ஸோடை கோவமாம்?"

"பகிடியை விடுங்கோ அண்ணை. உங்கடை பழைய பொடி ஒண்டு சும்மா கிடக்குது. புதன்கிழமைக்கு மட்டும் தாங்கோ. வாடகை தாறன்."

"வாடகையோ? எனக்கு உன்ரை வாடகை என்னத்துக்கு?" அவர் எழுந்து அலுமாரியைத் திறந்து பொடியை எடுத்து மேசையில் வைத்தார். அவள் வாங்கத் திட்டமிட்டிருந்த அதே வகை. "கொண்டு போ. ஆனால் படம் ஸ்ரூடியோவின்ரை பேரிலை போகும். அல்பம் இஞ்சை அடிக்கிறது. பேஸ்புக்கிலை நான் போடுவன்."

"அது என்ரை வேலை அண்ணை. அவை என்னைத் தேடி வந்தவை."

"எட்டு வருசம் என்ரை கமெராவிலை கை பழகிப்போட்டு, என்ரை சனத்தைக் கூட்டிக்கொண்டு போறாய். நான் ஏதும் சொன்னனானோ? இல்லை. இப்ப என்ரை கமெரா வேணும், என்ரை பேர் வேண்டாமோ?" குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது. "விருப்பமில்லாட்டி அந்தப் பிள்ளைக்குப் போனிலை எடுத்துக் குடு."

குணலட்சுமிக்கு உண்மையைச் சொல்லி விலகலாம். பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அறைக்குள் யாரோ ஒரு ஆம்பிளை நிற்பான். பிள்ளை படமே வேண்டாம் என்று அழும்.

அவள் பொடியைப் பைக்குள் வைத்தாள்.

புதன்கிழமை கொடிகாமத்து வீட்டில் அவளுக்கு எல்லாம் கைகூடியது. சோடிக்கும் அறையில் தாரிகா முதலில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். "உங்களுக்கு விருப்பமில்லாட்டி நான் எடுக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு தர்சினி கமெராவைக் கட்டிலில் வைத்தாள். பிறகு இருவரும் சேலைக்கு எத்தனை ஊசி குத்துகிறார்கள் என்று எண்ணினார்கள். முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவது ஊசி குத்தியபோது, "அன்ரி, நான் என்ன பாவைப்பிள்ளையோ!" என்று அவள் சிரித்தாள். ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் பட, பின்னால் அம்மாவும் பெரியம்மாவும் வாயில் ஊசியோடு நிற்க, முன்னால் இருந்த நிலைக்கண்ணாடிக்குள் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. தர்சினி அதுவரை எடுத்த படங்களில் அதுதான் நல்லது. அதை எடுத்த கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நாகலிங்கம் அந்தப் படத்தைப் பேஸ்புக்கில் போட்டார். மூலையில் ஸ்ரூடியோவின் பெயர். கீழே தொலைபேசி இலக்கம், அவருடையது. லண்டனில் இருந்தும் சுவிஸில் இருந்தும் பாராட்டுகள் குவிந்தன. குணலட்சுமி கோல் எடுத்து மனம் நிறையப் பேசினார். கடைசியில் சொன்னார்: "நீர் தனியாச் செய்யிறீர் எண்டு முதலிலை பயந்தனான் பிள்ளை. நாகலிங்கத்தாரின்ரை ஆக்கள்தான் எண்டு பிறகு கண்டவுடனைதான் நிம்மதி. வாற வருசத்துக்கு அவரிட்டையே சொல்லிப்போட்டம்."

"சரி அன்ரி" என்றாள் தர்சினி.

ஞாயிறு காலை செந்தூரன் கோல் எடுத்தான். கமலாவதி போனை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினார்.

"படம் பாத்தனான்! இஞ்சை வேலையிடத்திலை எல்லாருக்கும் காட்டினனான், என்ரை கமெரா எடுத்த படம் எண்டு. அதுசரி, ஏன் நாகலிங்கத்தின்ரை பேர் கிடக்குது?"

"அவரின்ரை கமெராவிலை எடுத்தது அண்ணா. நீங்கள் அனுப்பினது ஒரு படமும் எடுக்கேல்லை. லென்ஸ் ஏறாது. வாய் வேறை."

"அப்ப வந்தவுடனை பிரிச்சுச் சொல்லியிருந்தால் மாத்தியிருப்பனே? ஒரு மாசம் தந்தவன் கடைக்காரன்!"

"பிரிக்க விடேல்லை."

"மொடலையாவது கேட்டிருக்கலாம். உனக்கு வாய் இல்லையோ?"

தர்சினி அம்மாவைப் பார்த்தாள். கமலாவதி போனைப் பார்த்தபடி சொன்னார்: "ஓம், அதுதானே. ஒரு சொல்லு கேட்டிருக்கலாம்."

தர்சினி போனை நோக்கிக் குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"சரி, இப்ப கேக்கிறன். நான் இதை விக்கட்டோ? வித்தால் பழைய பொடி ஒண்டு வாங்கலாம். லென்ஸ் என்னட்டை இருக்குது. என்ரை பேரிலை துடங்கலாம்."

"விக்கிறதோ?" செந்தூரனின் குரல் உடைந்தது. "ஒரு மாசம் சனி ஞாயிறு எண்டு பாராமல் கோழிப் பக்றறியிலை நிண்டு வாங்கினது தர்சி. விரலிலை இன்னும் விறைப்புப் போகேல்லை. அதை ஆரோ ஒருத்தனுக்கு அரை விலைக்கு விக்கப் போறியோ? லென்ஸ் நான் அனுப்புறன், வாற வருசம் ஆரும் வந்தால்..."

"வாற வருசம் எனக்கு ஏலாது அண்ணா. அதுவரைக்கும் நான் நாகலிங்கத்தாரிட்டைதான் போய் நிக்கவேணும்."

"அப்ப வில்லு. வித்திட்டு இனி எனக்குக் கோல் எடுக்காதை."

போன் நின்றது. கமலாவதி எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அண்ணன் சொன்னது பொய் என்று அவள் நினைக்கவில்லை. அவன் விரல்கள் விறைத்தது உண்மைதான். கேட்காத ஒன்றுக்காக விறைத்தன, அவ்வளவுதான்.

அன்றைக்கு முழுக்க யோசித்தாள். திங்கள் காலை கமெராவை விற்க விளம்பரம் போட்டாள்.

புதன்கிழமை சாவகச்சேரியில் இருந்து நிருஷன் என்று ஒருவர் வந்தார். புது வகைக் கனனில்தான் அவருக்கு வேலை, லென்ஸும் கையோடு கொண்டு வந்திருந்தார். பெட்டியையும் பற்றறியையும் உத்தரவாதச் சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணன் கொடுத்த விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பேசி முடிந்தது.

"ஒரு படமும் எடுக்கேல்லை எண்டு போட்டிருந்தியள். ஏதும் பிழையோ?"

"இல்லை. மாட்டிப் பாருங்கோ."

லென்ஸ் ஒரு சின்னச் சத்தத்தோடு பூட்டிக்கொண்டது. அவர் கமெராவைக் கண்ணுக்கு உயர்த்தி, எதை எடுப்பது என்று அங்குமிங்கும் பார்த்து, வீட்டு வாசலுக்குத் திருப்பி அமத்தினார். அந்த நேரம் பார்த்து கமலாவதி வாசலுக்கு வந்து, கமெராவைக் கண்டு முகத்தை மறுபக்கம் திருப்பினார்.

நிருஷன் திரையைப் பெருப்பித்துப் பார்த்தார். "நல்ல கூராத்தான் விழுந்திருக்குது. அம்மாவோ? கோவமா நிக்கிறா போலை."

தர்சினி எட்டிப் பார்க்கவில்லை.

"பயப்பிடாதேங்கோ, அழிச்சுப்போட்டன்" என்று சொல்லிக்கொண்டு அவர் கமெராவைப் பெட்டிக்குள் வைத்தார்.